மீதிப் புத்தகம்

ஜனவரி 18, வியாழன்

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் மேலே யூரியா விளம்பரம். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்க்கத்தான் கடையில் போட்டு வைத்திருந்தேன். இன்றைக்கு எழுதும்படியாக ஒரு நல்ல செய்தி வந்துவிட்டது. தியாகுவுக்கு வேலை கிடைத்துவிட்டது. தாய்லாந்தில், பாங்காக்கில், டேட்டா என்ட்ரி.

தியாகு என் தம்பி. இருபத்தைந்து வயது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு மூன்று வருஷமாக என் ஜெராக்ஸ் கடையில் ஆதார் கார்டு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறான். அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். நானும் கல்யாணம் என்று ஒன்று பண்ணிக்கொண்டு எட்டே மாதத்தில் மன்னார்குடிக்குத் திரும்பி வந்தவள். அவனாவது ஆளாகட்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

வேலை பிடித்துக் கொடுத்தவர் பாலகுரு சார். மொபைல் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறார். இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவாம். அங்கே போனதும் கம்பெனியே வேலை விசாவாக மாற்றிக் கொடுத்துவிடுமாம். ஏர்போர்ட்டில் யாராவது கேட்டால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு யோசனையும் சொன்னார்.

"கையில ஒரு டூர் கைடு புக்கு இருக்கட்டும்மா. எதுவா இருந்தாலும் பரவால்ல, அட்டை வெளியில தெரியணும். பாத்தா டூரிஸ்ட்டு மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்."

தியாகு ஏதோ கேட்க வாயெடுத்தான். மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

தஞ்சாவூர் போய்ப் புத்தகம் வாங்கி வந்தோம். எதுவா இருந்தாலும் பரவாயில்லை என்று பாலகுரு சார் சொன்னால் ஆயிற்றா? காசு போட்டு வாங்குகிற புத்தகம் உபயோகப்பட வேண்டாமா?

முதல் கடையில் ஒரு தமிழ்ப் புத்தகம் காட்டினார்கள். நூற்றிருபது பக்கம். எழுதியவர் பத்து நாள் போயிருக்கிறார். அதில் ஒன்பது நாள் இட்லி எங்கே கிடைக்கும் என்று தேடியிருக்கிறார். இன்னொன்று வழவழ காகிதத்தில் முழுக்கப் படம். படத்தைப் பார்த்து யானையைக் கண்டுபிடிக்கலாம், பஸ்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். கடைக்காரர் முகம் சுருங்கியது.

பழைய புத்தகக் கடையில்தான் இது கிடைத்தது. ஆங்கிலம், எண்ணூறு பக்கம், செங்கல் கனம், ஊருக்கு ஊர் வரைபடம். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பதிப்புதான். நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அங்கேயே இன்னொரு அலமாரியில் அதே கம்பெனி போட்ட தென்னிந்தியப் புத்தகம் இருந்தது. அதைத் தியாகுவிடம் கொடுத்து மன்னார்குடியைத் தேடச் சொன்னேன். அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். குளத்தைப் பற்றிச் சொன்னது சரி. பஸ் நேரம் சரி. மத்தியானத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும், வெயிலில் போய் நிற்காதீர்கள் என்று எழுதியிருந்தது. அதுவும் சரி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நம் ஊரைப் பற்றிப் பொய் சொல்லாதவன் அடுத்த ஊரைப் பற்றியும் சொல்லமாட்டான்.

தியாகு பஸ்ஸிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜனவரி 22, திங்கள்

கடையில் தேதி கிழிக்கும் காலண்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கடிகாரம். தியாகு வாங்கி வந்து மாட்டினான். பாங்காக் நேரமாம், நம்மைவிட ஒன்றரை மணி முன்னால். புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டுதான் முள்ளைத் திருப்பினான். "நீ சாப்பிடும்போது நான் என்ன பண்ணிட்டிருப்பேன்னு தெரிஞ்சுக்கலாம்ல" என்றான். டோனர் மாற்ற வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 25, வியாழன்

அப்பாயின்ட்மென்ட் லெட்டர் வந்துவிட்டது. பாலகுரு சார் மூன்று பையன்களின் லெட்டரையும் என் கடைக்கே கொடுத்தனுப்பினார், ஆளுக்கு ஆறு செட் நகல் வேண்டுமென்று. கம்பெனி பேர் இருக்கிறது, பாங்காக் என்று இருக்கிறது. தெரு, கதவு எண் இல்லை. பெரிய கம்பெனிக்குத் தெரு எதற்கு.

இருபது வருஷமாகக் கண்ணாடியில் காகிதம் வைக்கிறேன். ஒரு பேப்பரின் மேல் வேறு துண்டை ஒட்டி நகல் எடுத்தால், ஒட்டிய துண்டின் விளிம்பு நிழலாக ஒரு கோடு விழும். மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. தியாகுவின் பேருக்குச் சுற்றிலும் அப்படி ஒரு கோடு இருந்தது. மற்ற இரண்டு லெட்டரிலும் இருந்தது. மூன்றுக்கும் ஒரே லெட்டர் நம்பர்.

நகல் அழுக்காக வந்தால் வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். இப்படிக் கோடு விழுந்தால் மெஷினில் அச்சை வெளிற வைக்கிற லைட் பட்டனை இரண்டு தட்டுத் தட்டி எடுப்பது வழக்கம். தட்டினேன். கோடு போய்விட்டது. பதினெட்டு செட்டும் பளிச்சென்று வந்தது.

ஆபீஸ்களில் நம்பர் மாற்றச் சோம்பல்படுவார்கள். தாலுகா ஆபீசுக்கு எதிரில் கடை வைத்திருக்கிற எனக்குத் தெரியாதா.

ஜனவரி 29, திங்கள்

பட்டா மாறுதலுக்கு முகாமாம். காலையிலிருந்து கூட்டம் முட்டித் தள்ளியது. இந்த லட்சணத்தில் தியாகு புத்தகத்தை விரித்துக்கொண்டு வந்து, "அக்கா, இந்தப் பக்கத்தை மட்டும் படியேன்" என்று நிற்கிறான். பாங்காக் பக்கம் இல்லை, வேறு எங்கோ மேற்கே ஒரு ஊர். டூரிஸ்ட் விசாவில் வேலை பார்த்தால் ஜெயில் என்றும் போட்டிருக்கிறதாம். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் போடுவார்கள். சிகரெட் பெட்டியிலும்தான் போட்டிருக்கிறது. வைத்துவிட்டுப் போ, அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.

கூட்டம் குறைந்ததும், "நான் போகாம இருந்தா உனக்குக் கோபம் வருமாக்கா?" என்று கேட்டான். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பாஸ்போர்ட் பாலகுரு சார் பீரோவில் இருக்கிறது. இப்போது கேட்கிற கேள்வியா இது.

நான் என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டாம்.

ஜனவரி 31, புதன்

பெட்டி கட்டினோம். எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, இரண்டு ஜோடி செருப்பு. எடை போட்டால் கூடுதல். ஊறுகாயை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. புத்தகம்தான் கனம்.

காலேஜ் பிள்ளைகள் தடிப் புத்தகத்தைக் கொண்டு வந்து, இந்த செமஸ்டருக்கு வேண்டியதை மட்டும் பிரித்துத் தரச் சொல்வார்கள். அதே வேலைதான். எண்ணூறில் பாங்காக் நூற்றுப்பத்துப் பக்கம். முதுகைக் கீறி அதை மட்டும் எடுத்து, பசை போட்டு, பழைய அட்டையையே ஒட்டிவிட்டேன். ஏர்போர்ட்டுக்கு அட்டைதானே முக்கியம். மெல்லிசாக, அழகாக, கைப்பைக்குள் போகிற மாதிரி இருக்கிறது.

முழுசாவே எடுத்துட்டுப் போறேனே என்று தியாகு இழுத்தான். பாங்காக்குக்குத்தானே போகிறாய், ஊரையெல்லாம் எதற்குச் சுமக்கிறாய் என்றேன். பெட்டியை இழுத்து மூடினான். பொதுவாக இரண்டு வார்த்தையாவது எதிர்த்துப் பேசுகிறவன்.

மீதிப் பக்கங்களில் ஒரு மூலை மடிந்திருந்தது. நிமிர்த்தி, நீவிவிட்டு, சணல் போட்டுக் கட்டி மெஷினுக்குக் கீழே தட்டில் வைத்தேன்.

பிப்ரவரி 3, சனி

திருச்சி ஏர்போர்ட். மூன்று பையன்களும் மூன்று புத்தகம் பிடித்திருந்தார்கள். ஒருவன் கையில் மலேசியா புத்தகம். பாலகுரு சார் அதைப் பிடுங்கி அட்டையை உள்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். தியாகு மட்டும் உண்மையிலேயே படித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தான். கையை ஆட்டவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பாங்காக் இறங்கிவிட்டதாக நேற்றே பேசிவிட்டான். இன்று காலையில் கம்பெனி வேனில் ஏறியதாகச் சொன்னான். அதற்குப் பிறகு மெசேஜ்தான். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஊரைத் தாண்டிட்டோம்க்கா. இந்த ரோடு என் புக்குல இல்ல."

நான்: "பெரிய ஊரு. தள்ளி இருக்கும் ஆபீஸ்."

"அஞ்சு மணி நேரமா போறோம். மலை வருது. மேற்கால போற மாதிரி இருக்கு, வெயில் முகத்துல அடிக்குது. மீதி புக்கை எடுத்துப் பாருக்கா."

அதன் பிறகு மெசேஜ் இல்லை. நான் அனுப்பியதற்கும் பதில் இல்லை.

தட்டுப் பக்கம் குனிந்தேன். எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் மட்டும் வேன் திரும்பிவிடுமா.

பிப்ரவரி 5, திங்கள்

போன் வரவில்லை.

பிப்ரவரி 7, புதன்

வரவில்லை. மேல்மாடி ஆபீசுக்குப் போனேன். புது ஆட்கள் வேலை கற்றுக்கொள்ளும் வரைக்கும் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். பாலகுரு சார் டீ வாங்கிக் கொடுத்தார். மெஷின் நல்லா ஓடுதாம்மா என்று விசாரித்தார். டீயில் ஏடு படிந்திருந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

பேசிவிட்டான். கம்பெனி போனிலிருந்து. ஐந்து நிமிஷம். நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு, எல்லாரும் நல்லவங்க. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னான், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்கிற மாதிரி. பக்கத்தில் யாரோ தமிழில் "சீக்கிரம்" என்றார்கள். நம்ம ஊர் ஆள் ஒருவராவது கூட இருக்கிறாரே என்று நிம்மதியாக இருந்தது.

வைக்கும்போது, "இங்க மணி சரியா பதினொன்னுக்கா" என்றான். இங்கே மணி பத்து. சுவரில் அவன் கடிகாரம் பதினொன்றரை காட்டியது. வேலைக்குப் போயும் நேரம் பார்க்கத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, வியாழன்

நீடாமங்கலத்திலிருந்து கமலவேணி என்று ஒரு அம்மாள் வந்தாள். பூ கட்டுகிறவள், விரலெல்லாம் நார் அறுத்த தழும்பு. மகனுடைய லெட்டரை நகல் எடுக்க வேண்டும். அதே கம்பெனி, அதே நம்பர். வருகிற வியாழக்கிழமை விமானம். பேருக்குச் சுற்றிலும் அதே கோடு.

"ஒங்க தம்பியும் அங்கதானாமே. நல்லாருக்காப்லயா?" என்று கேட்டாள்.

நல்லா இருக்கான் என்றேன். அவனே சொன்னதுதானே. லைட்டை இரண்டு தட்டுத் தட்டி எடுத்துக் கொடுத்தேன். கைடு புக்கு எது வாங்கலாம் என்றும் கேட்டாள். அது ஒன்றும் முக்கியமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சோறு இறங்கவில்லை. வெயில்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மறுபடி சரியாகப் பத்து மணிக்குப் போன். குரல் கம்மியிருந்தது. சளி என்றான். நான் ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லாமல், "அக்கா, கடையில நான் மாட்டுன கடிகாரம் அரை மணி வேகமா ஓடுது. சரி பண்ணிடு" என்றான்.

அது சரியாகத்தான் ஓடுகிறது, நீயே புத்தகத்தைப் பார்த்து வைத்ததுதானே என்றேன்.

"இல்லக்கா. அரை மணி வேகமா ஓடுது. பின்னாடி தள்ளி வை. மறந்துடாத."

அத்தோடு கட் ஆகிவிட்டது. பேட்டரி பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. கோபமாக வந்தது. வாரத்தில் கிடைப்பது ஐந்து நிமிஷம், அதில் கடிகாரம் என்ன கடிகாரம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை, மெஷின் ஓடாது, ஆளும் வரமாட்டார்கள். சும்மா இருந்த கை. மீதிப் புத்தகத்துக்கு ஒரு அட்டை போட்டு வைக்கலாம் என்று தட்டிலிருந்து எடுத்தேன். இரண்டு வாரமாக அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் நீவிவிட்ட மடிப்பு அப்படியே தழும்பாக இருந்தது. அந்தப் பக்கம் தானாகவே பிரிந்தது. மேற்கு எல்லையில் ஒரு ஊர். தியாகு பென்சிலால் கோடு போட்டிருக்கிறான். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். இரண்டு இடம். வாசித்துப் புரிந்துகொள்ள அரை மணி ஆனது.

முதல் இடம், கட்டம் கட்டிய எச்சரிக்கை. ஆபீஸ் வேலை என்று பாங்காக்குக்கு வரவழைத்து, வேனில் ஏற்றி, இந்த ஊர் வழியாக ஆற்றைக் கடத்தி அக்கரையில் அடைத்து வைக்கிறார்கள், போனில் ஆட்களை ஏமாற்றும் வேலை செய்யச் சொல்லி அடிக்கிறார்கள் என்று போட்டிருக்கிறது. ஆற்றின் நடுவோடு தாய்லாந்து முடிகிறதாம், அக்கரை வேறு நாடு.

இரண்டாவது இடம், ஒரே ஒரு வரி. பயணிகளுக்குச் சாதாரணமாகச் சொல்கிற குறிப்பு. அக்கரை போனால் உங்கள் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள்.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். பாங்காக்கில் இருந்தால் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால். அக்கரையில் இருந்தால் ஒரு மணிதான். பத்து மணிக்கு அவன் பதினொன்று என்றான். பக்கத்தில் ஆள் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இந்த ஒன்றைத்தான் அவனால் சொல்ல முடிந்திருக்கிறது. இரண்டு ஞாயிறு சொல்லிவிட்டான். நான் பேட்டரியைப் பார்த்தேன்.

இந்தப் பக்கத்தைத்தான் அன்றைக்கு நீட்டிக்கொண்டு நின்றான். படித்துவிட்டுத்தான் போயிருக்கிறான். போகாம இருந்தா கோபம் வருமா என்று கேட்டானே, அதற்கு நான் சொன்ன பதிலை இப்போது எழுதுகிறேன். "போகலைன்னா இந்தக் கடை வாசல்ல மூஞ்சியக் காட்டாத." இதுதான் நான் சொன்னது. அம்மா வயிற்றில் பிறந்த பிள்ளையிடம் சொன்னேன்.

கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் தள்ளியிருக்கிறேன். கோட்டைப் பார்த்தேன், நம்பரைப் பார்த்தேன். பார்த்ததையெல்லாம் பட்டனைத் தட்டி அழித்தேன். சத்தம் போட்டு அழுதேன். கரண்ட் இல்லாத தெருவில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மாலை ஐந்துக்குக் கரண்ட் வந்தது. பாலகுரு ஆபீசுக்கு நான் போகவில்லை. போனால் அவன் உஷாராகிவிடுவான். அன்றைக்குக் கோடு விழுந்து ஒதுக்கி வைத்திருந்த தியாகுவின் முதல் நகலைக் கண்ணாடியில் வைத்து, டார்க் பட்டனைக் கடைசி வரைக்கும் ஏற்றி எடுத்தேன். காகிதம் முழுக்கச் சாம்பல் பூத்து, நடுவில் என் தம்பி பேரைச் சுற்றி நாலு கறுப்புக் கோடு வந்தது. மரண அறிவிப்புக்குக் கட்டம் கட்டுகிற மாதிரி. பத்து நகல் எடுத்தேன்.

பிப்ரவரி 21, புதன்

விடிந்ததும் முதல் பஸ்ஸில் நீடாமங்கலம். நாளைக்குத்தான் அந்தப் பையனுக்கு விமானம். கமலவேணி வாசலில் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தாள். கறுப்பு நகலை அவள் மடியில் வைத்தேன்.

"அன்னைக்கி நல்லாருக்கான்னியளேம்மா" என்றாள்.

"பொய் சொன்னேன். எனக்கே சொல்லிக்கிட்ட பொய்ய உங்ககிட்டயும் சொன்னேன்."

அடிப்பாளோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய் மகனுடைய பெட்டியைத் தூக்கி வந்து, திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தாள். பையன் கத்தினான். அவள் காதிலேயே வாங்கவில்லை. அப்புறம் அவளும் என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

எஸ்.ஐ. முழுதும் கேட்டார். கடிகார விஷயத்தைச் சொன்னபோது சிரித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இத எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க" என்றார். இதே மாதிரி வேறொரு ஊர்ப் பையனைப் பாங்காக்கிலேயே ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். எந்தக் கரை என்று தெரிந்தால்தான் எந்தத் தூதரகத்துக்கு எழுதுவது என்று தெரியுமாம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பொய் சொல்லாமல் சொன்னதற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

மனுவில் லெட்டரில் பேரைச் சுற்றியிருந்த கோட்டைப் பற்றி எழுதினேன். அதை லைட் பண்ணி அழித்தது நான்தான் என்றும் எழுதினேன். எல்லா வரிக்கும் ஓடிய பேனா அந்த வரிக்கு நின்று நின்று ஓடியது.

பிப்ரவரி 23, வெள்ளி

மேல்மாடி ஆபீஸ் பூட்டியிருக்கிறது. போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனது. பாலகுரு புதன்கிழமையே ஊரில் இல்லையாம்.

அவனிடமிருந்து அக்கரைக்குச் செய்தி போயிருக்குமா? ஞாயிறு போன் வருமா?

பிப்ரவரி 25, ஞாயிறு

எட்டு மணிக்கே கடையைத் திறந்து உட்கார்ந்தேன். ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தை இறக்கித் துடைத்து, முள்ளை அரை மணி பின்னால் திருப்பி மாட்டினேன். என்ன பேச வேண்டும் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் கேட்கிறவனுக்குத் தமிழ் தெரியும்.

பத்து மணிக்கு வரவில்லை. பத்து ஐந்துக்கு வரவில்லை. நான் உட்கார்ந்த இடத்தில் எழுந்திருக்கவில்லை. நகல் எடுக்க வந்தவர்களைக் கையால் போகச் சொன்னேன்.

பத்து பன்னிரண்டுக்கு வந்தது.

நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு என்று ஆரம்பித்தான். பேச்சில் 'ச' சரியாக வரவில்லை. வாயில் ஏதோ ஆகியிருக்கிறது. பல்லோ உதடோ. கேட்கவில்லை. கேட்டால் நான் உடைந்துவிடுவேன், காரியம் கெட்டுப் போகும்.

"தம்பி, நீ சொன்ன மாதிரி கடிகாரத்தைச் சரி பண்ணிட்டேன். அரை மணி பின்னாடி வச்சுட்டேன். மெக்கானிக்குகிட்டயும் காட்டிட்டேன், பாக்கறேன்னு சொல்லியிருக்காரு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்பது வரைக்கும்.

"நல்ல புத்தகமாத்தான்க்கா வாங்குன" என்றான்.

யாரோ அவனிடமிருந்து போனை வாங்கினார்கள். கட் ஆகிவிட்டது.

சுவரில் மணி பதினொன்று பதினாறு. அவனுக்கும் அதே மணிதான்.